நொட்டாங்கைக்காரன் அட்டை

தம்பி, கொஞ்சம் எந்திரிங்க, அந்த ஜன்னல் சீட்டை எனக்குக் குடுங்க. கோவிச்சுக்கிடாதீங்க. வலது கண்ணு சரியாத் தெரியல, வெளிச்சத்துப் பக்கமா உக்காந்தாத்தான் மிச்சக் கண்ணாவது சொன்ன பேச்சைக் கேக்கும். நல்லா இருப்பீங்க.

மதுரைக்கா? நானும் அங்கதான். கண்ணாஸ்பத்திரிக்கு. கோவில்பட்டியில மதுரை பஸ் ஏறுறவன்ல பாதிப் பேரு கண்ணாஸ்பத்திரிக்குப் போறவன், மீதிப் பேரு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போறவன். உங்களைப் பாத்தா ரெண்டுமாத் தெரியல.

தொணைக்கு ஆளு வரலயான்னு கேக்காதீங்க. எம்பொண்டாட்டி வாரேன்னுதான் நின்னா. நான்தான் வேண்டாம்னுட்டேன். மதுரையில எனக்கு இன்னொரு சோலி இருக்கு, அது அவளுக்குத் தெரியாது. வழியில திருமங்கலத்துல ஒரு அம்மா இருக்கு, அதுவும் அவளுக்குத் தெரியாது. தப்பா நெனைக்காதீங்க தம்பி, அந்த அம்மாவுக்கு என் வயசு. இதுவரை மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல.

கண்ணு எப்படித் தெரியுதுன்னா, நனைஞ்ச கையால கண்ணாடியில ஒரு இழு இழுத்தா எப்படி இருக்கும்? அப்படி. எதைப் பாத்தாலும் அதுமேல ஒரு இழுசல். ஊர் டாக்டரு புரைங்கிறாரு. இப்பல்லாம் சின்ன வேலையாம், போன உடனே எடுத்து விட்டுருவாங்களாம். சரி, புரைன்னா வெள்ளையாத்தான தெரியணும்? எனக்கு நீலமாத் தெரியுது. அதை அவருகிட்ட நான் சொல்லல. சொன்னா வேற மாதிரி டாக்டருகிட்ட அனுப்பிருவாரு.

என் பேரு வெயிலுமுத்து. யாவாரம். என்ன யாவாரம்னு சொன்னா சிரிப்பீங்க. கிரிக்கெட் அட்டை. உங்க வயசுக்கு நீங்களும் சேத்திருப்பீங்களே? பபுள்கம் வாங்குனா உள்ள ஒரு அட்டை இருக்கும், முன்பக்கம் ஆட்டக்காரன் படம், பின்பக்கம் அவன் எடுத்த ரன்னு, விக்கெட்டு. பள்ளிக்கூடத்துப் பயலுக பபுள்கத்தைத் துப்பிட்டு அட்டையைப் பொத்தி வச்சுக்கிடுவானுக. அன்னைக்கு அட்டை சேத்தவன் இன்னைக்குப் பெரிய கம்பெனியில உக்காந்திருக்கான். கையில காசு இருக்கு, தொலைச்ச அட்டை இல்ல. செல்லுல பழைய சாமான் வாங்குற விக்கிற ஆப் இருக்குல்லா, அதுல தேடிக்கிட்டே கெடக்கான். அவனுக்குத் தேடிக் குடுக்கிறவன்தான் நான்.

எங்க இருந்து வருதுன்னா, வீடு மாத்துறவன், பரணைச் சுத்தம் பண்றவன், இவனுக எல்லாம் விலை தெரியாம மொத்தமா ஒரு லாட்டாப் போட்டு விடுவானுக. நான் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். போட்டதும் கொத்திருவேன். ஏமாத்தா? இதுல என்ன ஏமாத்து? அவனுக்குக் குப்பை, எனக்குச் சரக்கு. கேட்ட விலையைக் குடுத்துத்தான் வாங்குறேன்.

வாங்குன மாதிரியே வித்தா யாவாரமா? அட்டைன்னா மூலை மடங்கியிருக்கும், பின்பக்கம் பயலுக பேரு எழுதியிருப்பானுக. அதோட போட்டா ஒருத்தனும் தொட மாட்டான். "பின்பக்கம் போட்டோ அனுப்புங்க, கிறுக்கல் இருக்கா?" இதுதான் மொதக் கேள்வி. கிறுக்கல் இல்லாத அட்டைக்கு நாலு மடங்கு மதிப்பு. அங்கதான் நம்ம கைவேலை. ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சு, பிழிஞ்சு, ஒத்தி ஒத்தி எடுப்பேன். மிச்சத்தை பிளேடு நுனியால சுரண்டுவேன். எழுத்து இருந்த எடமே தெரியாது.

நான் ஸ்டூடியோவுல டச்சப் பண்ணுனவன் தம்பி. நெகட்டிவுல வேலை. மாப்பிள்ளைக்கு அம்மைத் தழும்பை எடுக்கணுமா, எடுப்பேன். பொண்ணுக்கு மூக்கைச் சின்னதாக்கணுமா, ஆக்குவேன். எங்க பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு. உசுரோட இருக்கையில ஒரு போட்டோ எடுத்திருக்க மாட்டாங்க. செத்ததும் நாற்காலியில உக்கார வச்சு மாலையப் போட்டு எடுப்பாங்க. கண்ணு மூடியிருக்கும். அந்தக் கண்ணைத் தொறந்து விடணும். சன்னப் பிரஷ்ஷால முழி போட்டு, முழியில ஒரு புள்ளி வெள்ளை வச்சுட்டா ஆளு உசுரோட பாப்பாரு. அந்த வட்டாரத்துல என்னைய விட்டா ஆளு கெடையாது. எத்தனை பொணத்துக்குக் கண்ணைத் தொறந்து விட்டிருப்பேன். என் கண்ணையா சாமி குத்தும்? நீங்களே சொல்லுங்க.

சாமி எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கீங்களா? சொல்லுதேன். சாத்தூர் தாண்டட்டும், இந்தச் சத்தத்துல என் குரலே எனக்குக் கேக்கல.

போன பங்குனியில ஒரு லாட்டு. ஆப்புல போட்டவரு திருமங்கலம், வீடு மாத்துறாராம். முழு ஆல்பம். ஒவ்வொரு அட்டையும் பிளாஸ்டிக் உறைக்குள்ள, ஒரு மூலைகூட மடங்கல. நான் ரெண்டாவது வார்த்தை பேசல. பார்சல் வந்ததும் ஒரு அட்டையை உருவித் திருப்பிப் பாத்தேன். பால்பாயிண்ட் பேனாவால கொட்டை எழுத்துல எழுதியிருந்துச்சு. "பா. தீனதயாளன், ஆறாம் வகுப்பு. இதை எடுக்காதே. எடுத்தால் சாமி கண்ணைக் குத்தும்." அடுத்ததை உருவுனேன். அதுலயும் அதே. ஒண்ணு விடாம எல்லாத்துலயும் அதே சாபம்.

சிரிச்சேன். எம்பொண்டாட்டியக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவ சிரிக்கல. "சின்னப் புள்ள எழுதுனது, இருந்துட்டுப் போகட்டுமே"ன்னா. இருந்துட்டுப் போனா எவன் வாங்குவான்? அவளுக்கு யாவாரம் தெரியாது.

எழுத்துகூடப் பரவால்ல தம்பி. எழுத்துக்கு மேல ஒரு அழுக்கு. ஒவ்வொரு வரிக்கு மேலயும் நீல மை இழுசிக் கெடந்துச்சு. எழுதுன ஈரத்து மேலயே கையை வச்சுத் தேச்சுக்கிட்டுப் போன மாதிரி. மொதல்ல நான் எடுத்தது அதைத்தான். எழுத்துக்காவது ஒரு மரியாதை உண்டு, இது வெறும் அழுக்கு.

அந்த ஆல்பத்துல ஒரு அட்டை இருந்துச்சு. அதுக்கு மட்டும் தனிப் பக்கம், மொதப் பக்கம். ஒரு பேட்ஸ்மேன், பேரு வேண்டாம். வலது கையில ஆடுறவரு. அட்டையில நொட்டாங்கையில நிக்காரு. பாத்ததுமே எனக்குப் பிடிபட்டுப் போச்சு. அச்சடிச்சவன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுட்டான். சட்டைப் பொத்தான்கூட பொம்பளைச் சட்டை மாதிரி பக்கம் மாறி இருந்துச்சு. தப்பு தெரிஞ்சதும் கம்பெனிக்காரன் நிறுத்திட்டானாம், அதனால வெளிய வந்ததே கொஞ்சம். அது கெடைக்காதான்னு தவங்கெடக்கிறவன் இருக்கான். தனிப் பக்கத்துல வச்சிருந்தானே, பயலுக்கு அன்னைக்கே விலை தெரிஞ்சிருக்குன்னு நெனைச்சேன். அதைக் கடைசியா நிதானமாத் தொடைப்போம்னு எடுத்து வச்சேன்.

மத்த அட்டையெல்லாம் சுத்தமாச்சு. ஒவ்வொண்ணா வித்துச்சு. ஒருநாள் காலையில, அந்தக் கடைசி அட்டையைத் தொடைக்கப் பஞ்சை நனைச்சுட்டு உக்காருதேன், வலது கண்ணுல ஒரு இழுசல். கண்ணாடியைத் தொடைச்சேன், போகல. மூஞ்சி கழுவுனேன், போகல. எம்பொண்டாட்டி கேட்டா, "ரெண்டு வருசமா கண்ணு மங்குது மங்குதுன்னு சொல்லுதேன், ஆஸ்பத்திரிக்குப் போனீகளா?" அவ எதுக்கெடுத்தாலும் ரெண்டு வருசமாச் சொன்னேம்பா.

அன்னைக்குச் சாயங்காலமே ஆப்புல ஒரு மெசேஜ். விதியப் பாத்தீங்களா, அன்னைக்கே. "சார், நீங்கள் வாங்கிய ஆல்பம் என் மகனுடையது. பின்னால் எழுத்து உள்ள அட்டை ஒன்று மட்டும் திருப்பித் தர முடியுமா. எந்த அட்டையானாலும் பரவாயில்லை." கீழே இந்திராணின்னு பேரு, ஒரு போன் நம்பர்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வித்த பொருளைத் திருப்பிக் கேக்கிறது என்ன நியாயம்? விலை தெரிஞ்சு போச்சு போல, நொட்டாங்கை அட்டைக்கு அடிப்போடுதாங்கன்னு நெனைச்சேன். பதில் போடல. மறுபடி ஒரு மெசேஜ். "அட்டை கூட வேண்டாம். பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்."

போட்டோதான கேக்குறா, பேசிருவோம்னு போன் போட்டேன். மெல்லிசா ஒரு குரல். வித்தவரு அவுங்க மருமகனாம். வீடு மாத்துற அவசரத்துல, இதை வித்துரவான்னு கேட்டிருக்காரு. அட்டைதான, போகட்டும்னு இந்த அம்மாவே பெட்டியத் தொறந்து எடுத்துக் குடுத்திருக்கு. பின்னாடி எழுதியிருந்தது அப்போ ஞாபகத்துலயே இல்லயாம்.

"பையன் என்ன பண்றான்மா?"ன்னேன். பேச்சுக்குக் கேக்கிறதுதான.

"ஆறாப்பு முழுப்பரீட்சை லீவுல மூளைக்காய்ச்சல் வந்துச்சு அண்ணே. ரெண்டே நாள்தான். நோட்டு, புஸ்தகம் எல்லாத்தையும் அவுங்கப்பா பாக்க முடியாம எரிச்சுட்டாரு. அவன் கையெழுத்துன்னு அந்த அட்டையில மட்டும்தான் இருக்கு."

இருக்குங்கிறா தம்பி. இருக்கு.

நான் சொல்லிட்டேன். "அதெல்லாம் தொடைச்சாச்சும்மா. யாவாரத்துல அப்படித்தான், எழுத்து இருந்தா போகாது"ன்னு. அந்த அம்மா, "தொடைச்சாப் போயிருமா அண்ணே? அவன் ரொம்ப அழுத்தி எழுதுவானே"ன்னா.

அதுதான் என்னைப் பிடிச்சுக்கிருச்சு. அழுத்தி எழுதுவானே.

தொடைச்ச அட்டை ஒண்ணு விக்காமக் கெடந்துச்சு. அதை எடுத்து ஜன்னல்கிட்டக் கொண்டு போய்ச் சாய்ச்சுப் பாத்தேன். மை இல்ல, ஆனா பேனா போன பள்ளம் இருக்கு. வெயில் பக்கவாட்டுல விழுந்தா ஒவ்வொரு எழுத்தும் எந்திரிச்சு நிக்குது. சாமி கண்ணைக் குத்தும். நான் வித்த அத்தனை அட்டையிலயும் அது இருந்திருக்கு தம்பி. எவன் எவன் வீட்டுலயோ, வெயில் படுறதுக்காகக் காத்துக் கெடக்கு.

அப்புறம் ஒரு நல்ல காரியம் பண்ணேன். நல்ல காரியம்தான், கேளுங்க. கடையில பழைய மாதிரி மை கக்குற ரீஃபிலாப் பாத்து வாங்கிட்டு வந்தேன். லென்சைக் கண்ணுல மாட்டிக்கிட்டு, இடது கண்ணாலயே அந்தப் பள்ளத்துக்குள்ள பேனாவை எறக்கி, எழுத்தெழுத்தா ஓட்டுனேன். செத்தவனுக்குக் கண்ணைத் தொறந்து விட்டவனுக்கு இது பெரிய வேலையா? அச்சு அசலா வந்துச்சு. எழுதி முடிச்சுட்டு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரன் கேக்கான், "என்ன அண்ணாச்சி, நொட்டாங்கையில குடிக்கீங்க?" பாத்தா டம்ளரு இடது கையில இருக்கு. எப்போ மாத்துனேன்னு தெரியல. கீழ வச்சுட்டு வந்துட்டேன், குடிக்கல.

கூரியர்ல அனுப்பிட்டேன். ஒரு அட்டை தொடைக்காம எப்படியோ தப்பிச்சிருக்கும்மான்னு ஒரு சீட்டும் வச்சேன். காசு கேக்கல. சரி, சாபம் தீர்ந்துச்சு, கண்ணு தெளிஞ்சுரும்னு இருந்தேன்.

போன் வந்துச்சு. "கெடைச்சுச்சு அண்ணே"ன்னா. அழுவான்னு நெனைச்சேன். அழல.

"இது நீங்க எழுதுனதுதான?"

"இல்லம்மா, உன் மகன் எழுத்துதான், நல்லாப் பாரு"ன்னேன்.

"எழுத்து அவன் எழுத்துதான் அண்ணே. ஆனா இது சுத்தமா இருக்கு. அவன் நொட்டாங்கைக்காரன். எழுத எழுத அவன் கையே அதுமேல போகும். எதை எழுதுனாலும் இழுசிருவான். வாத்தியாருகிட்ட அதுக்கே அடி வாங்குவான். சுண்டு வெரலுப் பக்கம் எப்பவும் நீலமாவே இருக்கும்."

நான் மொதல்ல தொடைச்சது எதைன்னு உங்களுக்குச் சொன்னேன்ல.

அப்புறம் அந்த அம்மா சொன்னா, சாதாரணமாச் சொன்னா, பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி. "பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழாயடிக்கு இழுத்துக்கிட்டுப் போய், சோப்புப் போட்டு, தேங்காநாரால தேய்ப்பேன் அண்ணே. அந்த நீலம் போறவரைக்கும் தேய்ப்பேன். வலிக்குதும்மான்னு கத்துவான். நானுந்தான் தொடைச்சேன். உங்களை என்ன சொல்ல."

அந்த அம்மா திட்டியிருக்கலாம் தம்பி. திட்டியிருந்தா நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதோட போயிருக்கும்.

வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டா. "நொட்டாங்கையில ஆடுற ஒருத்தர் அட்டை இருந்துச்சே அண்ணே, மொதப் பக்கத்துல. 'இவரு மட்டுந்தாம்மா என்னைய மாதிரி'ன்னு பள்ளிக்கூடம் போகையில அதைப் பையில வச்சுக்கிட்டுப் போவான். அதாவது இருக்கா?"

"இல்லம்மா. வித்துப் போச்சு"ன்னேன்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? அது அவரு நொட்டாங்கையே இல்ல, அச்சுப் பிழைன்னு சொல்லவா? இல்ல, அதுக்கு ஆளு பேசி முடிச்சாச்சு, அட்வான்ஸும் வாங்கியாச்சுன்னு சொல்லவா? பேசுன பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்லா.

மறுநாள் ஆப்பைத் தொறந்தா அந்த மருமகன் கணக்குல இருந்து எனக்கு அஞ்சு ஸ்டாரு போட்டிருக்கு. பக்கத்துல ஒரு வார்த்தை இல்ல. வெறும் அஞ்சு ஸ்டாரு. எதுக்குப் போட்டா? சொல்லுங்க, எதுக்கு? அதுல இருந்து எனக்கு ஒரு யாவாரமும் ஓடல. என் சுண்டு வெரலுப் பக்கம் நீலமா இருக்கிற மாதிரியே இருக்கு. கழுவுதேன், இருக்கு. எம்பொண்டாட்டிகிட்டக் காட்டுனா ஒண்ணும் இல்லங்கா. "கையத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலு உரியுது, விடுங்க"ன்னு சோப்பைப் பிடுங்குதா.

பயந்து போய்ட்டேன் தம்பி, மறைக்க என்ன இருக்கு. அந்தப் பயலுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? காசு குடுத்து வாங்குனேன். அவன் எடுக்காதேன்னு எழுதுனது கூடப் படிச்ச பயலுகளுக்கு. எனக்கா எழுதுனான்? சரி, நாளைக்குப் புரையை எடுத்து விட்டுட்டாங்கன்னு வைங்க. எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சா? அப்பவும் அந்த நீலம் தெரிஞ்சா என்ன பண்ணுவேன்? தெரியாமப் போனாலும் பயமாத்தான் இருக்கு.

கள்ளிக்குடி போயிருச்சா? சொல்லவே இல்ல.

ஆமா, அந்த நொட்டாங்கை அட்டை இங்கதான் இருக்கு, சட்டைப் பையில, இன்னும் தொடைக்கல. வாங்குறவரு மதுரை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்காராம். ஒரே ஒரு கண்டிஷன், பின்பக்கம் சுத்தமா இருக்கணும். பஞ்சும் ஸ்பிரிட்டும் இந்தப் பையில இருக்கு. எறங்கி ஒரு நெழல்ல உக்காந்து ஒத்தி எடுத்துட்டா முடிஞ்சுது. அவருகிட்டக் குடுத்துட்டு அப்படியே ஆஸ்பத்திரி. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு எம்பொண்டாட்டி சொல்லுதா, சொல்லிட்டுப் போறா.

அந்த அம்மா வீடு எங்கயா? திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தெருதான். கூரியர் அனுப்புனேன்லா, விலாசம் மனப்பாடம். எதுக்குக் கேக்கீங்க?

திருமங்கலம் வந்துருச்சு போல. எல்லாரும் எறங்குதாங்க. நீங்க எதுக்குத் தம்பி எந்திரிக்கிறீங்க? மதுரைன்னுல்ல சொன்னீங்க?

எனக்கு வழி விடவா? நல்லாருக்கே. நான் மதுரைக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். ஆளு காத்துக்கிட்டு நிக்காரு. உக்காருங்க. உக்காருங்கன்னா. உங்களுக்குக் கத சொன்னது என் தப்பு.

கண்டக்டரு, விசிலடிக்காதீங்க. ஒரு ஆளு எறங்கணும்.

குடுக்கப் போறதில்ல தம்பி, அப்படிப் பாக்காதீங்க. காட்டிட்டு வந்துருவேன். இந்தா இருக்கும்மா, ஒரு தடவை பாத்துக்கன்னு காட்டிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு மதுரைக்கு வந்துருவேன். காட்டுறதுல என்ன நட்டம்?

ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இதை வாங்குங்க. ஓரத்தைப் பிடிங்க, ஓரத்தை. பின்பக்கம் திருப்பி, அந்த இழுசல் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு எல்லாமே நீலமாத்தான் தெரியுது. நான் எங்க பிடிக்கட்டும்? என் வெரலு அதுமேல பட்டுறக் கூடாது.